திருப்பிப் போட்ட வாஷர்

மேட்டுச் சாலையில் பாதித் தூரம் ஏறியிருந்தபோது டாஷ்போர்டில் எண்ணெய் குறைந்ததைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. ஓட்டுநர் இருக்கையில் இருந்த தையற்காரர், சூடான இஸ்திரிப் பெட்டியைத் தெரியாமல் தொட்டுவிட்டவரைப்போல, இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கிலிருந்து உதறி எடுத்தார்.

“டீச்சர், நான் ஒண்ணும் பண்ணல. அதுவா எரியுது.”

“மொதல்ல கைய வைங்கண்ணே! வண்டி உங்கள நம்பித்தான் நிக்குது.”

உண்மையில் வண்டி அவளை நம்பித்தான் நின்றது. பயிற்சி வண்டியில் கற்றுக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அவளுடைய வலக்கால் அதை ஏற்கெனவே அடிவரை அழுத்தியிருந்தது. ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் தனக்குப் ‘பிரேக்கம்மா’ என்று பெயர் வைத்திருப்பது அவளுக்குத் தெரியும். அவளுக்கு அதில் வருத்தமில்லை. பிழைப்பே அந்தக் காலில்தான் இருந்தது. மூளை முடிவெடுப்பதற்கு முன்பே கால் முடிவெடுத்துவிடும். தொலைக்காட்சியில் ஒரு லாரி குறுக்கே வந்தாலும் அது அழுத்தும். வீட்டில் அப்பாவும் கணவனும் குரலை உயர்த்தும்போது சாப்பாட்டு மேசையின் அடியில் வெறுந்தரையையும் அழுத்தும். வெறுந்தரையை அழுத்தி நின்ற வண்டி உலகில் ஏதும் இல்லை என்பது காலுக்குத் தெரியாது.

எஞ்சினை அணைத்து, சக்கரத்துக்குப் பின்னால் கல்லை வைத்துவிட்டு அவள் குனிந்து பார்த்தாள். வண்டியின் வயிற்றிலிருந்து கறுப்பு எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. தையற்காரர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு தாங்கள் ஏறிவந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். சரிவின் அடிவரை, ஏறக்குறைய சமமான இடைவெளியில், கறுப்புப் புள்ளிகள் இறங்கிப் போயின.

“கீழேருந்தே ஓட்டுத்தையல் போட்டுக்கிட்டு வந்திருக்கோம் டீச்சர்,” என்றார் அவர். “யாராச்சும் நூலப் புடிச்சு இழுத்தா ரோடே சுருங்கிடும்.”

அவள் சிரிக்க முயன்றாள். முடியவில்லை. சொட்டு எங்கிருந்து விழுகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்த ஓர் இடத்தைப் பற்றித்தான் அவளுடைய வீட்டில் ஆண்டுக்கணக்காக வழக்கு நடந்துகொண்டிருந்தது.

எஞ்சினின் அடியில், எண்ணெய் தேங்கும் சட்டியில், பழைய எண்ணெயை வடித்துவிட ஒரு போல்ட் உண்டு. அந்தப் போல்ட்டுக்கும் சட்டிக்கும் நடுவே மோதிரம்போல ஒரு மெல்லிய வளையம் இருக்கும், அதுதான் வாஷர். போல்ட்டை முடுக்கும்போது அது நசுங்கி, எண்ணெய் கசியாமல் வழியை அடைக்கிறது. ஒவ்வொருமுறை எண்ணெய் மாற்றும்போதும் அதையும் மாற்ற வேண்டுமா, பழையதையே திருப்பிப் போட்டால் போதுமா என்பதுதான் வழக்கு.

அப்பா பேருந்துப் பணிமனையில் பரிசோதகராக இருந்தவர். அவருடைய கை படாமல் எந்தப் பேருந்தும் வாசலைத் தாண்டியதில்லை. அங்கே அவரிடம் இரண்டே சொற்கள்தாம் இருந்தன: போகலாம், போகக் கூடாது. பணிமனையை விட்டு வந்த பிறகும், அம்மா இறந்து மகள் வீட்டோடு வந்து தங்கிய பிறகும், அவர் மூன்றாவதாக ஒரு சொல்லைக் கற்றுக்கொள்ளவில்லை. மருமகனோ விரைவுச் சேவை நிலையமொன்றில் எண்ணெய் மாற்றும் பிரிவின் தலைவன். காலையிலிருந்து மாலைவரை அவனுடைய தலைக்குமேல் வண்டிகளின் வயிறுகள் வந்தும் போயும் கொண்டிருக்கும். வாஷர் கிழிந்திருந்தால் மாற்றுவான். இல்லையென்றால் திருப்பிப் போட்டு முடுக்குவான். இந்த இருவருக்கும் நடுவே வீட்டில் ஒரே ஒரு வண்டி, அதுவும் அவளுடைய வண்டி. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். அதற்காவது அடித்தவுடன் ஓசையெழுப்பும் உரிமை இருந்தது.

“மாப்ள, வாஷர் நசுங்கித்தான் காப்பாத்துது,” என்பார் அப்பா. “ஒருதடவ நசுங்கினது நசுங்கினதுதான். அதத் திருப்பிப் போடறது, அழுக்குச் சட்டைய உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி போட்டுக்கிட்டுத் தொவைச்ச சட்டைன்னு சொல்ற மாதிரி.”

“சட்டை மாத்தலேன்னா யாரும் செத்துப்போறதில்ல மாமா.”

“பக்கத்துல நிக்கிறவன் செத்துடுவான்.”

தொடக்கத்தில் இது வேடிக்கையாகத்தான் இருந்தது. கணவனே நண்பர்களிடம், “எங்க வீட்டுக்குள்ளயே டிப்போ இருக்கு. நான் வெளிய கிளம்பணும்னாலும் கையெழுத்து வாங்கணும்,” என்று சொல்லிச் சிரிப்பான். ஆனால் அந்தச் சிரிப்பு எப்போது வற்றியது என்று அவளால் சொல்ல முடியவில்லை. அப்பாவின் தகர டப்பாவில் புதிய செம்பு வாஷர்கள் எப்போதும் இருக்கும். செம்பைத் தவிர வேறு எதையும் அவர் தொடமாட்டார். அலுமினியம் சமையற்கட்டுக்கு உரியது என்பது அவருடைய தீர்ப்பு. சென்றமுறை எண்ணெய் மாற்றியபோது அவர் பிடிவாதமாக நின்று செம்பு வளையத்தைப் போடவைத்தார். இந்தமுறை கணவன் அவர் தூங்கும் நேரம் பார்த்து வேலையை முடித்துவிட்டு, எழுந்து வந்தவரிடம் கையைத் துடைத்துக்கொண்டே, “பழசத்தான் திருப்பிப் போட்டிருக்கேன் மாமா. வந்து பாருங்க, ஒரு சொட்டு இருக்கா?” என்றான். அன்று மாலை அப்பா டார்ச்சையும் ஸ்பேனரையும் எடுத்துக்கொண்டு வண்டிக்குக் கீழே போனதைச் சமையலறைச் சன்னல் வழியாக அவள் பார்த்தாள். பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை.

தொலைபேசியில் அழைத்ததும் கணவன் எண்ணெய்க் குடுவையுடன் வந்து சேர்ந்தான். மல்லாந்து படுத்து, வண்டியின் அடியில் நுழைந்து, ஸ்பேனரை வைத்து முடுக்கினான். வெளியே வந்தபோது முகம் இறுகியிருந்தது.

“போல்ட் லூசா இருக்கு. நான் இப்படி விடல. யாரோ கைவச்சிருக்காங்க.”

மூன்று பேர் இருக்கும் வீட்டில் யாரோ என்ற சொல்லுக்கு ஒரே முகவரிதான் உண்டு. சொட்டு குறைந்தது; நிற்கவில்லை. எண்ணெயை ஊற்றி நிரப்பிக்கொண்டு, மெல்ல வீடு வந்து சேர்ந்தார்கள்.

அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வண்டிக்கடியில் கணவன் தட்டை வைப்பதைப் பார்த்ததும் எழுந்துகொண்டார்.

“ஒழுகுதா?”

“ஒழுகுது,” என்றான் அவன். “மாமா, நேராவே கேக்கறேன். நான் மாட்டினதுக்கு அப்புறம் நீங்க அத அவுத்தீங்களா?”

கடுமையான மறுப்பு ஒன்று வரும், அதைத் தொடர்ந்து அழுக்குச் சட்டை வரும் என்று அவள் காத்திருந்தாள். அப்பா தம் வலக்கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். அதில் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தேடுகிறவர்போல.

“கீழ போனேன்,” என்றார். “ஸ்பேனர் கையில இருந்துச்சு.”

“அவுத்தீங்களா?”

“இருக்கலாம்.”

அப்பாவின் வாயிலிருந்து அந்தச் சொல்லை அவள் அதுவரை கேட்டதில்லை. ஆயிரம் பேரை ஏற்றிச்செல்லும் பேருந்துகளை ‘இருக்கலாம்’ என்று சொல்லி எவனாவது வெளியே அனுப்புவானா என்று கத்தியவர் அவர். கணவனும் அதை எதிர்பார்க்கவில்லை. வெல்ல வந்தவன், எதிராளி தானாகவே படுத்துக்கொண்டதைக் கண்டவன்போலத் திகைத்து நின்றான். பிறகு பார்வையைத் திருப்பிக்கொண்டு கையைக் கழுவப் போனான். குழாயடியில் நெடுநேரம் கழுவினான்.

சமையலறையில் அவன் தாழ்ந்த குரலில் பேசினான். தாழ்ந்த குரல் அவனுக்கு இயல்பன்று. அதனாலேயே அவள் பயந்தாள்.

“போன மாசம் குழாய இறுக்கி ஒடச்சாரு, ஒண்ணும் சொல்லல. இது அப்படி இல்ல. நீ தினமும் அந்த மேட்டுல ஏறி இறங்குற. பக்கத்துல உக்காந்திருக்கறவனுக்கு எது பிரேக்கு, எது ஆக்ஸிலேட்டர்னு தெரியாது. நடுமேட்டுல எஞ்சின் இறுகி நின்னிருந்தா என்ன ஆயிருக்கும்?”

“இப்ப என்ன செய்யணுங்கறீங்க?”

“உங்க அண்ணன் வீட்டுல கொஞ்ச நாள் இருக்கட்டும். அங்க வண்டியும் கிடையாது, ஒண்ணும் கிடையாது.”

அண்ணன் வீட்டில் ஒன்றும் கிடையாது என்பது முழு உண்மை. அடுக்குமாடியின் உச்சியில் இரண்டு அறைகள். அண்ணனும் அண்ணியும் காலையில் வேலைக்குப் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவார்கள். மின்தூக்கி பாதி நாள் ஓடாது. முன்பு ஒருமுறை அங்கே தங்கியிருந்தபோது அப்பா பொழுது போகாமல் வீட்டிலிருந்த எல்லாக் கதவுகளின் திருகுகளையும் முடுக்கிவைத்தார். அண்ணி அதைச் சகித்துக்கொள்ளவில்லை. மறுநாள் முதல் ஸ்குரூடிரைவரைப் பூட்டிவைத்தாள். அங்கே போனால் அப்பா பட்டினி கிடக்க மாட்டார். ஆனால் முடுக்க எதுவும் இல்லாத கை எத்தனை நாளைக்குக் கையாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவள் பதில் சொல்வதற்குள் கூடத்தில் அப்பாவின் குரல் கேட்டது. அவரே மகனிடம் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். “ஞாயித்துக்கிழம வந்து கூட்டிட்டுப் போப்பா. இல்ல இல்ல, சண்டையெல்லாம் ஒண்ணும் இல்ல. எடமாற்றம்னு வச்சுக்கயேன்.”

ஞாயிற்றுக்கிழமை காலை கணவனுக்கு அரைநாள் வேலை இருந்தது. அவன் போனதும் அவள் பழைய சுடிதாரை மாட்டிக்கொண்டு வண்டியைச் சரிவுப் பலகைகளின்மேல் ஏற்றி நிறுத்தினாள். திங்கட்கிழமை தையற்காரர் வருவார்; கசிகிற வண்டியை அந்த மேட்டில் ஏற்ற அவளால் முடியாது. கணவன் சாயங்காலம் பார்த்துக்கொள்கிறேன் என்றுதான் சொல்லியிருந்தான். ஆனால் அந்தப் போல்ட் எப்படி இருந்தது என்பதை மற்ற இருவரும் இல்லாமல், தன் கண்ணால், ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்ற ஆத்திரம் அவளுக்குள் புகைந்துகொண்டிருந்தது. தன் வண்டியின் வயிற்றைப் பற்றி இரண்டு ஆண்கள் ஆண்டுக்கணக்காக வாதாடியிருக்கிறார்கள். ஒருவராவது அவளைக் கேட்டதில்லை.

சிமெண்டுத் தரை முதுகில் சில்லிட்டது. கழுவிய தட்டைக் கீழே வைத்துப் போல்ட்டைத் திருகினாள். எண்ணெய் இறங்கி ஓய்ந்தது. போல்ட்டைத் துணியால் துடைத்தபோது அதன் கழுத்தில் ஒரு வளையம் இருந்தது. சாம்பல் நிறம், விளிம்பு இன்னும் கூர்மையாக, ஒருபக்கம் மட்டும் நசுங்கியிருந்தது. புதியது. அவள் அதை உற்றுப் பார்த்துக்கொண்டே, சட்டியின் துளையைச் சுற்றி விரலைவிட்டுத் துடைத்தாள். நகத்தில் ஏதோ இடறியது. டார்ச்சைப் பிடித்தாள். சட்டியோடு சட்டியாக ஒட்டிப்போய், கறுத்து, அதன் ஓர் உறுப்பேபோல இன்னொரு வளையம் இருந்தது. ஸ்குரூடிரைவரின் நுனியை ஓரத்தில் கொடுத்து நெம்பினாள். முதலில் அசையவில்லை. பிறகு ‘டக்’கென்று விட்டு அவளுடைய கழுத்தருகே விழுந்தது. துணியில் தேய்த்ததும் செம்பு மின்னியது.

ஒரே போல்ட்டில் இரண்டு வாஷர்கள். ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராமல், வண்டியின் அதிர்வில் கொஞ்சம் கொஞ்சமாக நெகிழ்ந்து, வழி விட்டிருக்கின்றன.

அவள் அப்படியே படுத்திருந்தாள். செம்பு, சென்றமுறை அப்பா போடவைத்தது. சாம்பல் நிறத்தது அலுமினியம். அலுமினியம் அப்பாவின் டப்பாவில் கிடையாது. அது சேவை நிலையத்தில் பெட்டி பெட்டியாக இருப்பது. கணவனின் சீருடையைத் துவைக்கப் போடும்போதெல்லாம் பையிலிருந்து அவள் எடுத்து சன்னல் விளிம்பில் வைப்பது.

அவிழ்த்த போல்ட்டில் வாஷர் இல்லாததைக் கண்டவன் என்ன நினைத்திருப்பான்? பழைய எண்ணெயோடு தட்டில் விழுந்துவிட்டது என்று நினைத்திருப்பான். கறுப்பு எண்ணெயில் கையைவிட்டுத் துழாவச் சோம்பல்பட்டுச் சட்டைப்பையிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டிருப்பான். அதற்குள் அப்பா எழுந்து வந்துவிட்டார். புதியது போட்டேன் என்று சொன்னால் அத்தனை நாள் வழக்கும் அங்கேயே தோற்றுப்போகும். பழையதைத் திருப்பிப் போட்டேன் என்று சொல்லிவிட்டான். ஒரு சொல்லுக்காகச் சொன்ன பொய். பிறகு மேட்டில் எண்ணெய் ஒழுகியபோது தன் கைவேலை சரியாகத்தான் இருந்தது என்று உண்மையாகவே நம்பியிருப்பான். அவன் அறிந்தே பழி சுமத்தவில்லை என்று அவளுக்குத் தோன்றியது. அந்தத் தோற்றமும் அவளுடைய கோபத்தைத் தணிக்கவில்லை. தான் சொன்ன பொய் ஒன்று நடுவில் கிடப்பது தெரிந்தும் இன்னொருவரை நிற்கவைத்துக் கேள்வி கேட்டானே!

அப்பா தம் அறையில் சட்டைகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். தகர டப்பா கட்டிலின்மேல் தனியாக இருந்தது. அதை எடுத்துச் செல்வதா வேண்டாமா என்று முடிவாகவில்லை போலும்.

“அப்பா, இது உங்களோடதா?”

அவர் சாம்பல் வளையத்தை வாங்கிச் சன்னலோரம் போனார். கண்ணுக்கு வெகு அருகில் கொண்டுபோனார். பார்த்துத் தெரியாமல், கட்டைவிரலால் தடவி, உள்ளங்கையில் போட்டு எடை பார்த்தார்.

“அலுமினியம். என்னோடது இல்ல.”

“உள்ள உங்க செம்பு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. அதுமேல இதப் போட்டிருக்காங்க. அதான் ஒழுகியிருக்கு. நீங்க ஒண்ணும் பண்ணலப்பா.”

அவருடைய முகத்தில் வெளிச்சம் ஒன்று வந்ததை அவள் பார்த்தாள். பணிமனை வாசலில் நின்றவரின் முகம். “திருப்பிப் போட்டேன்னான்! புதுசுதான் போட்டிருக்கான், படவா!” என்றார். ஒரு நொடிதான். பிறகு அந்த வெளிச்சம் தானாகவே தணிந்தது.

“பாப்பா, இத மாப்ளகிட்ட காட்டாத.”

“ஏன் காட்டக் கூடாது? உங்கமேல பழியப் போட்டுட்டு அவர் பாட்டுக்கு...”

“பழின்னு ஏன் சொல்ற? அன்னிக்கு நான் கீழ போனது நெசம். ஸ்பேனர போல்ட்டுல வச்சது நெசம். அதுக்கப்புறம் முடுக்கினேனா, அவுத்தேனா, சும்மா வச்சுட்டு வந்தேனா? எத்தனையோதடவ யோசிச்சுப் பாத்துட்டேன். அந்த எடம் காலியா இருக்கு.” அவர் வளையத்தை அவளுடைய கையில் திரும்ப வைத்தார். “வாஷர் என்னோடது இல்ல, சரி. இருந்தாலும், நான் கைவச்ச வண்டியில நீ போற. போகலாம்னு என்னால சொல்ல முடியல.”

அப்பாவின் குற்றம் எப்போதும் முடுக்குவதுதான், அவிழ்ப்பதன்று. குழாயைக்கூட முடுக்கித்தானே உடைத்தார் என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். அது அவருக்குச் சாதகமான சாட்சிதானா என்ற ஐயம் உடனே வந்தது. சொல்லாமல் விட்டாள். நிரபராதி என்று நிரூபித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஓடி வந்தவளுக்கு, வந்த வழி நடுவிலேயே முறிந்துபோயிருந்தது. அவர் மீண்டும் சட்டை மடிக்கத் தொடங்கினார். பொத்தான்களை ஒன்றுவிடாமல் போட்டு, கழுத்துப்பட்டையை நீவி, ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்தார். ஒரு சட்டை மட்டும் உள்பக்கம் வெளியே தெரியும்படி மடிக்கப்பட்டிருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

அவள் போய்ப் போல்ட்டைத் துடைத்து, தகர டப்பாவிலிருந்து புதிய செம்பு வளையம் ஒன்றைப் போட்டு முடுக்கி, எண்ணெயை ஊற்றினாள். சொட்டு நின்றுபோயிற்று. பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து, இரண்டு பழைய வளையங்களையும் சாப்பாட்டு மேசையில், கணவன் வழக்கமாக உட்காரும் இடத்தில், தட்டு வைக்கிற இடத்தில் வைத்தாள். காட்டாதே என்று அப்பா சொன்னார். அவள் காட்டப் போவதில்லை. மேசைமேல் இருப்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

கணவன் வந்தான். செருப்பைக் கழற்றியவன் வண்டி சரிவுப் பலகைகளின்மேல் நிற்பதைப் பார்த்து, “நான்தான் சாயங்காலம் பாக்கறேன்னேன்ல?” என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்து நாற்காலியை இழுத்தான். உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்தபடியே நின்றான். செம்பை முதலில் பார்த்தான், பிறகு சாம்பலை. அவனுடைய காது மடல்கள் சிவப்பதை அவள் அடுப்படியிலிருந்து பார்த்தாள்.

“எங்க இருந்துச்சு?”

“ரெண்டும் ஒரே எடத்துலதான்.”

அவன் சாம்பல் வளையத்தை எடுத்தான். என்ன செய்கிறோம் என்று தெரியாதவன்போல அதைச் சீருடைப் பைக்குள் போட்டான். உள்ளே ஏற்கெனவே இருந்தவற்றோடு அது மோதிக் ‘கிளிங்’ என்றது. அமைதியான வீட்டில் அந்தச் சத்தம் கூடம்வரை கேட்டது.

வெளியே அண்ணன் பிடித்து வந்த வாடகை வண்டி நின்று ஹாரன் அடித்தது. அப்பா பையுடன் அறையிலிருந்து வந்தார். தகர டப்பாவையும் கக்கத்தில் இடுக்கியிருந்தார்.

“வரட்டுமா மாப்ள? வேலையெல்லாம் நல்லபடியா போகுதா?”

“போகுது மாமா.” அவனுடைய கை சீருடைப் பையைத் தொட்டது. “மாமா, அந்த வாஷரு...”

“அது கெடக்குது வாஷரு.”

கணவன் இரண்டு எட்டில் போய் அவருடைய கையிலிருந்த பையைப் பிடித்தான். அப்பா விடவில்லை, பிறகு விட்டார். வாசலில் ஹாரன் மீண்டும் ஒலித்தது. ஒருபுறம் வாசற்கதவு திறந்திருந்தது. மறுபுறம் அப்பாவின் அறைக்கதவும் திறந்திருந்தது. பையைச் சுமந்தவன் இரண்டுக்கும் நடுவே, எந்தப் பக்கமும் ஓர் அடி வைக்காமல் நின்றான். அவனுக்கு முன்னால் அப்பா, காலியான கையை என்ன செய்வதென்று தெரியாமல், டப்பாவின் மூடியை இறுக்கிக்கொண்டிருந்தார். அடுப்படியில் அவளுடைய வலக்கால் வெறுந்தரையை முழுவலுவோடு அழுத்திக்கொண்டிருந்தது.